மேசை விளக்கும் அதன் பெயரும்

மேசையின்மேல் வைக்கப்படும் விளக்குக்கு இரண்டு வாழ்க்கைகள் உண்டு. இரவில் அது ஒளி. பகலில் அது ஒரு பொருள். தெருவிளக்கைப் பகல் வேளையில் ஏறிட்டுப் பார்ப்பார் இலர். கூரையிலே தொங்கும் விளக்கும் பெரும்பாலும் அத்தகையதே. மேசை விளக்கோ கண்ணுக்கு நேராகவும் கைக்கு எட்டும் தூரத்திலும் எந்நேரமும் வீற்றிருப்பது. அணைந்து கிடக்கும்போதும் அது வீட்டாரின் பார்வைக்குத் தப்புவதில்லை. இதனாலேயே அதனை அழகுபடுத்த வேண்டுமென்ற விருப்பம் மக்களுக்கு உண்டாயிற்று. கண்ணாடி, வெண்கலம், பீங்கான், பட்டு என்பவற்றைக்கொண்டு இரு நூற்றாண்டுக்கு மேலாக அவர்கள் அதற்கு அணி செய்து வந்திருக்கின்றனர்.

அழகிய பொருளொன்றைக் கண்டவர் எவரும், இதனை ஆக்கியவர் யார் என்று வினவுதல் இயல்பு. மேசை விளக்கின் வரலாற்றிலே இந்த எளிய வினாவுக்கு வழங்கிய விடைகள் பல பிழையானவை. விளக்கு தாங்கி நிற்கும் பெயர் ஒன்றாகவும், அதனை உருவாக்கிய கை வேறொன்றாகவும் இருந்த காலங்கள் உண்டு. விளக்கின் வடிவங்கள் மாறி வந்த கதையோடு, இந்தப் பெயர்களின் கதையும் பிரிக்கமுடியாதவாறு பின்னிக் கிடக்கின்றது.

பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதிவரை ஐரோப்பிய வீடுகளிலே மேசைக்கு ஒளி தந்தவை மெழுகுதிரியும் எண்ணெய் அகலுமே. அகலில் எரியும் பருத்தித் திரிக்கு வெளிப்புறத்திலிருந்து மட்டுமே காற்றுக் கிடைக்கும். உள்ளே காற்றில்லாமையால் எண்ணெய் முழுதும் எரியாது. மஞ்சள் நிறச் சுவாலையும் புகையும் எழும். இக்குறையை நீக்கியவர் 1750இல் ஜெனீவா நகரிலே பிறந்த எமே ஆர்கண்ட் என்னும் இரசாயன அறிஞர். 1780ஆம் ஆண்டளவில் அவர் திரியைக் குழாய் வடிவாக அமைத்தார். குழாயின் உள்ளேயும் வெளியேயும் காற்று மேலேறிச் செல்லச் சுவாலை இருபுறமும் காற்றைப் பெற்றது. அதன்மேல் உயர்ந்த கண்ணாடிப் புகைபோக்கி ஒன்று வைக்கப்பட்டது. அது காற்றை விரைவாக மேலிழுத்துச் சுவாலையை அசையாமல் நிறுத்தியது. ஒரு விளக்கு பல மெழுகுதிரிகளுக்கு ஈடான ஒளியைத் தந்தது. அரிக்கன் லாம்பின் சிமினியைச் சாம்பலிட்டுத் துடைத்து மாலைப்பொழுதுக்கு ஆயத்தஞ்செய்த குடும்பங்கள் நம் நாட்டிலே எத்தனையோ. அந்தச் சிமினிக்கு மூதாதை ஆர்கண்டின் விளக்கிலே நின்ற புகைபோக்கியாகும்.

ஆர்கண்ட் இங்கிலாந்துக்குச் சென்று 1784இல் ஆக்கவுரிமை பெற்றார். ஆனால், போட்டியாளர் தொடுத்த வழக்கிலே 1786ஆம் ஆண்டில் அவ்வுரிமை பறிபோயிற்று. பாரிஸ் நகரிலோ அவர் விளக்கைப் பின்பற்றிச் செய்து விற்றோர் பலர். அவர்களுள் ஒருவர் கேன்கே என்னும் மருந்துக்கடைக்காரர். காலப்போக்கில் பிரெஞ்சு மக்கள் அவ்விளக்கைக் ‘கேன்கே’ என்றே அழைக்கலாயினர். பிரெஞ்சு அகராதியிலும் அச்சொல்லே இடம்பெற்றது. ஆர்கண்ட் தாம் கண்ட விளக்கினால் பெருஞ்செல்வம் ஈட்டாமலே 1803இல் காலமானார். விளக்கைக் கண்டவர் ஒருவர்; மக்கள் நாவில் நிலைத்த பெயர் மற்றொருவருடையது.

ஆர்கண்டின் விளக்கில் ஒரு சிறு குறை எஞ்சியிருந்தது. அக்காலத்திலே பயன்பட்ட கடுகினத்து எண்ணெய் கெட்டியானது. திரி வழியே தானாக உயர ஏறும் வலிமை அதற்கில்லை. ஆகையால் எண்ணெய்க் கலத்தைத் திரியிலும் உயரத்தில், விளக்கின் ஒருபுறத்திலே வைக்கவேண்டியதாயிற்று. அக்கலத்தின் நிழல் மேசையின் ஒரு பாதியை மறைத்தது. இந்நிழலைப் போக்கும் முயற்சியே விளக்கின் வடிவத்தை முதன்முதலாகப் பெரிதும் மாற்றியது. 1820ஆம் ஆண்டளவில் எண்ணெய்க் கலத்தை வளையமாக வளைத்துக் குடையின் அடிவிளிம்பைச் சுற்றிப் பொருத்தினர். இதற்கு இலத்தீன் மொழியிலே ‘நிழலற்றது’ என்று பொருள்படும் பெயர் சூட்டினர். வெண்கலத் தூணும், அதன்மேல் வளையமும், வளையத்தின்மேல் செதுக்கு வேலைப்பாடமைந்த பால்நிறக் கண்ணாடிக் குடையுமாக அவ்விளக்கு செல்வர் வீடுகளின் கூடத்து மேசையை அலங்கரித்தது. அலங்காரம் என்று காண்போர் கருதியது, உண்மையில் எண்ணெயின் கெட்டித்தன்மைக்குக் கண்ட பரிகாரமே.

1850ஆம் ஆண்டுகளில் மண்ணெண்ணெய் வந்தது. அது திரியிலே இலகுவாக ஏறும் இயல்பினது. ஆதலால் எண்ணெய்க் கலம் சுவாலையின் கீழே, விளக்கின் வயிற்றிலேயே அமைந்தது. அடித்தளம், வயிறு, திரிமுகம், சிமினி, குடை என்னும் ஐந்துறுப்பு ஒழுங்கு அப்போது நிலைபெற்றது. இன்றும் மேசை விளக்கை வரையுமாறு குழந்தையிடம் கூறினால், அது வரைவது ஏறக்குறைய இவ்வடிவத்தையே. பின்னர் வண்ணப் பூக்கள் தீட்டிய இரு கண்ணாடி உருண்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அமைத்த விளக்குகள் அமெரிக்காவிலே 1880ஆம் ஆண்டுகளில் பெருவழக்காயின. அவற்றுக்கும் ஒரு பெயர்க்கதை உண்டு. 1939இல் வெளிவந்த ‘கான் வித் த விண்ட்’ என்னும் திரைப்படத்திலே இத்தகைய விளக்குகள் காட்டப்பட்டன. அப்படத்தின் கதையோ 1860ஆம் ஆண்டுகளில் நடப்பது. அப்போது அவ்விளக்குகள் தோன்றியிருக்கவில்லை. ஆயினும், பழம்பொருள் சேகரிப்போர் அவற்றை இன்றும் அத்திரைப்படத்தின் பெயராலேயே வழங்குகின்றனர்.

எண்ணெய் விளக்குகள் யாவற்றுக்கும் பொதுவான ஒரு விதி இருந்தது. சுவாலை மேல்நோக்கியே எரியும். அதன் வெப்பம் மேலே வெளியேற வழி வேண்டும். 1879இல் எடிசன் தம் மின்குமிழை வெற்றிகரமாக எரித்துக் காட்டியபின் அவ்விதி தளர்ந்தது. மின்குமிழைத் தலைகீழாகவும் தொங்கவிடலாம், சாய்த்தும் வைக்கலாம். சிமினி வேண்டியதில்லை. எண்ணெய்க்கு வயிறும் வேண்டியதில்லை. ஆனால், அதன் ஒளி கண்ணைக் கூசச் செய்வது. அதை மறைத்து மென்மைப்படுத்தும் பொறுப்பு முழுவதும் குடைமேல் விழுந்தது. இவ்வாறு, முன்னர் துணையுறுப்பாக இருந்த குடையே விளக்கின் முகமாக மாறியது. பிரான்சில் நான்சி நகரத்து எமில் கலே என்பார் பல நிற அடுக்குகளைக் கொண்ட கண்ணாடியைச் செதுக்கி, செடிகொடிகளின் சாயலிலே விளக்குகள் செய்தார். அதே காலத்தில் நியூயோர்க் நகரிலே உருவானவைதாம் ரிபனி விளக்குகள்.

லூயிஸ் கொம்பர்ட் ரிபனி 1848இல் பிறந்தவர், புகழ்பெற்ற நகை வணிகரின் மைந்தர், ஓவியம் பயின்றவர். கண்ணாடியிலே நிறம் தீட்டுதலை விடுத்து, கண்ணாடி உருகும்போதே அதனுள் நிறங்களைக் கலந்து, மேகம் போலவும் இலைநரம்பு போலவும் நீரலை போலவும் தோன்றச் செய்தார். தேவாலயச் சாளரங்களுக்காக இவ்வாறு செய்த கண்ணாடியின் சிறு துண்டுகள் விளக்குக் குடைகளுக்கும் பயன்பட்டன. குடை செய்யும் முறை மிகுந்த பொறுமையை வேண்டியது. முதலில் மர அச்சு ஒன்றின்மேல் சித்திரம் வரையப்படும். அதன் ஒவ்வொரு கூறுக்கும் ஏற்பக் கண்ணாடி தெரிந்தெடுக்கப்பட்டு வெட்டப்படும். வெட்டிய துண்டின் விளிம்பைச் சுற்றி மெல்லிய செப்பு நாடா ஒட்டப்படும். பின்னர் துண்டுகளை அச்சின்மேல் அடுக்கி, செப்பு விளிம்புகளை ஈயக் கலவையாற் பற்றவைப்பர். விஸ்தேரியா என்னும் நீலமலர்க் கொடியின் பெயர்கொண்ட விளக்கின் குடை ஒன்றிலே ஏறக்குறைய 2,000 கண்ணாடித் துண்டுகள் இருந்தன. எந்த இதழுக்கு எந்த நீலம், எங்கே நிழல், எங்கே வெயில் என்பதை முடிவு செய்தவரின் கண்ணே அக்குடையின் உயிர். ஒரே சித்திரத்தைக்கொண்டு செய்யப்பட்ட இரு குடைகள் ஒன்றுபோல் மற்றொன்று இராமைக்குக் காரணமும் அதுவே.

அந்தக் கண் யாருடையது? நூறாண்டு காலம் உலகம் இதற்கு ரிபனி என்றே விடை கூறி வந்தது. அவர் நிறுவனம் வெளியிட்ட விபர ஏடுகளிலும் வேறெவர் பெயரும் இல்லை. வெண்கல அடித்தளத்திலே பொறிக்கப்பட்டதும் நிறுவனத்தின் பெயரே.

1861இல் அமெரிக்காவின் ஓகையோ மாநிலத்திலே கிளாரா வொல்கொற் என்னும் பெண் பிறந்தார். கிளீவ்லாந்து நகரிலே பெண்களுக்கென அமைந்த சித்திரக்கலைப் பள்ளியிற் பயின்று, பின் நியூயோர்க் சேர்ந்து, 1888இல் ரிபனியின் நிறுவனத்திலே பணியேற்றார். மறுவருடம் பிரான்சிஸ் டிறிஸ்கோல் என்பவரை மணந்தபோது வேலையை விட நேர்ந்தது. மணமான பெண்ணை அந்நிறுவனம் வேலைக்கு வைத்துக்கொள்வதில்லை. 1892இல் கணவர் இறந்தார். கிளாரா மீண்டும் பணிக்குத் திரும்பினார். அவ்வாண்டிலேயே கண்ணாடி வேலை செய்த ஆண் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். 1893ஆம் ஆண்டுச் சிக்காகோ உலகக் கண்காட்சிக்குரிய வேலைகளோ காத்திருந்தன. ரிபனி பெண்களைச் சேர்த்துக் கண்ணாடி வெட்டும் பிரிவொன்றை அமைத்தார். ஆறு பெண்களோடு தொடங்கி, இரண்டு ஆண்டில் 35 பேராகப் பெருகிய அப்பிரிவின் தலைவியானார் கிளாரா டிறிஸ்கோல்.

பெண்கள் சித்திரத்தைத் திட்டமிட்டனர். கண்ணாடியைத் தெரிந்து வெட்டினர். செப்பு நாடா சுற்றினர். பற்றவைக்கும் வேலை ஆண்களிடம் இருந்தது. பூவும் கொடியும் பூச்சியுமான சித்திரக் குடைகள் பெண்கள் பிரிவிலிருந்து வந்தன. 1903இல் ஆண்களின் தொழிற்சங்கம் பெண்கள் பிரிவை மூடவேண்டுமென்று வற்புறுத்தி வேலைநிறுத்தம் செய்யப்போவதாக எச்சரித்தது. பிரிவு மூடப்படவில்லை, ஆனால், அதில் வேலை செய்வோர் 27 பேருக்கு மேற்படலாகாது என்ற உடன்பாடு ஏற்பட்டது. திறமைக்கு எல்லை வகுக்க இயலாதபோது தொகைக்கு எல்லை வகுத்தனர் போலும்.

நீர்நிலைமேற் பறக்கும் தும்பிகளைக் குடையின் விளிம்பைச் சுற்றி நிரல்பட அமைத்த தும்பி விளக்கு, 1900ஆம் ஆண்டுப் பாரிஸ் உலகக் கண்காட்சியிலே பரிசு பெற்றது. விஸ்தேரியா விளக்கோ 1906ஆம் ஆண்டு விலைப்பட்டியலில் 400 டொலர் என்று குறிக்கப்பட்டது. அதனை உருவாக்கிய கிளாரா பெற்ற உயர்ந்த ஊதியம் வாரத்துக்கு 35 டொலர். அக்காலப் பெண்ணொருத்திக்கு அது நல்ல ஊதியமே. ஆயினும், தாம் வகுத்த விளக்கொன்றைத் தாமே வாங்க விரும்பினால் பதினொரு வாரத்துக்கு மேற்பட்ட சம்பளத்தை அவர் அப்படியே கொடுக்கவேண்டியிருந்திருக்கும். 1904இல் நியூயோர்க் நாளிதழ் ஒன்று அவரைப் பெயர் கூறிப் பாராட்டியது. நாளிதழின் புகழ் ஒருநாட் புகழ். 1909இல் கிளாரா மறுமணம் புரிந்து, நிறுவனத்தின் தொடர்பு நீங்கி வாழ்ந்தார். பின்னாளிலே பட்டுத் துணிகளில் ஓவியம் தீட்டினார். 1944இல் அவர் காலமானபோது, அவர் யாரென்பதை அறிந்தோர் மிகச் சிலரே.

விளக்குகளுக்கும் நல்ல காலம் நீடிக்கவில்லை. முதலாம் உலகப்போருக்குப் பின் மக்களின் சுவை மாறிற்று. பூவேலைப்பாடுகள் பழைமையானவை என்று ஒதுக்கப்பட்டன. நிறுவனம் 1932இல் கடன் தீர்க்க இயலாது முறிந்தது. மறுவருடம் ரிபனியும் மறைந்தார். 1935இல் எகன் நியூஸ்ராட் என்னும் பல் வைத்தியரும் அவர் மனைவியும் நியூயோர்க்கிலே பழம்பொருட் கடையொன்றில் ரிபனி விளக்கொன்றை விலைக்கு வாங்கினர். அதன் விலை பன்னிரண்டரை டொலர். அன்று தொடங்கிய அவர்தம் சேகரிப்பில் 132 விளக்குகள் 1984இல் நியூயோர்க் வரலாற்றுச் சங்கத்துக்கு நன்கொடையாயின. 1950ஆம் ஆண்டுகளின் பிற்பகுதி முதல் இவ்விளக்குகளின் மதிப்பு மீண்டும் உயர்ந்தது. 1997இல் தாமரைப்பூ விளக்கொன்று ஏலத்தில் 28 இலட்சம் டொலருக்கு விலைபோயிற்று. அப்பொழுதும் அதன்கண் உலகம் கண்ட பெயர் ரிபனி என்பதே.

உண்மையை வெளிப்படுத்தியவை சில குடும்பக் கடிதங்கள். கிளாரா தம் தாய்க்கும் சகோதரிகளுக்கும் இடையறாது கடிதம் எழுதிவந்தார். ஒருவர் படித்து அடுத்தவருக்கு அனுப்ப, அவை வீடுதோறும் சுற்றிவந்தன. தங்கியிருந்த விடுதியின் சாப்பாடு, துவிச்சக்கரவண்டிச் சவாரி, கண்ட நாடகம், வேலையிடத்துத் தொல்லை ஆகியவற்றோடு, அன்றன்று வகுத்த விளக்குகளின் செய்தியும் அவற்றிலே இருந்தன. தும்பி விளக்கு தம் எண்ணத்தில் உதித்ததென்பதை அவர் மறைக்காமல் எழுதியிருந்தார். அக்கடிதங்களின் ஒரு பகுதி ஓகையோவிலுள்ள கென்ற் மாநிலப் பல்கலைக்கழகத்திலும், மறுபகுதி நியூயோர்க்கின் குயீன்ஸ் வரலாற்றுச் சங்கத்திலும் இருந்தன. மார்ட்டின் ஐடல்பேர்க், நீனா கிறே, மார்கிறெற் ஹோபர் என்னும் ஆய்வாளர் மூவரும் அவற்றை ஆராய்ந்து நூல் செய்தனர். 2007ஆம் ஆண்டிலே நியூயோர்க் வரலாற்றுச் சங்கம் கிளாராவையும் அவரோடு உழைத்த பெண்களையும் முன்வைத்துக் கண்காட்சியொன்றை நடத்தியது. முப்பதுக்கு மேற்பட்ட விளக்குகள் அவர் வகுத்தவை என்று இன்று கருதப்படுகின்றன. நூதனசாலைப் பெயரட்டைகளும் அதற்கேற்ப மாற்றி எழுதப்பட்டன.

இதனால் ரிபனியின் புகழ் முழுவதும் பொய்யென்று கொள்ளுதல் நீதியாகாது. கண்ணாடியின் புதுமை அவருடையது. முதலீடும் அவருடையது. ஒவ்வொரு சித்திரமும் அவருடைய ஒப்புதலைப் பெற்றே வேலைக்குச் சென்றது. பெண்களின் நிறவுணர்வை மதித்து அவர்களுக்கெனப் பிரிவொன்றை அமைத்தவரும், தொழிற்சங்கம் எதிர்த்தபோது அதனை முற்றாக மூடாது காத்தவரும் அவரே. கிளாராவின் கடிதங்களிலும் அவரிடத்து மதிப்பே மேலோங்கி நிற்கின்றது. பலர் கூடிச் செய்த பொருளுக்கு ஒரே பெயரை இடும் வழக்கமே ஆராயத்தக்கது. அவ்வழக்கம் வணிகத்துக்கு வசதியானது. வரலாற்றுக்கு அது பெருந்தீங்கு.

பூவேலைப்பாட்டை வெறுத்துப் புதுவழி கண்டோரும் இச்சிக்கலுக்குத் தப்பவில்லை. ஜேர்மனியின் வைமார் நகரிலிருந்த பவுஹவுஸ் கலைப்பள்ளியின் உலோகப் பட்டறையிலே 1924ஆம் ஆண்டளவில் மேசை விளக்கொன்று உருவாயிற்று. வட்டமான அடித்தளம், நேரான தண்டு, அரைக்கோளமாகக் கவிந்த பால்நிறக் கண்ணாடிக் குடை; இவற்றுக்கு மேல் ஓர் அணியும் இல்லை. இயந்திரத்தாற் செய்தது போன்ற தோற்றம், செய்ததோ கையினால். இதனை விற்பனைக்குக் காட்டியபோது, மலிவான பொருள் போலத் தோன்றும் இதற்கு இவ்வளவு விலையா என்று வணிகர் நகைத்தனராம். அவ்விளக்கு இன்று வாகன்பெல்ற் விளக்கென வழங்குகின்றது. ஆனால், கண்ணாடித் தண்டு அமைக்கும் முயற்சியை வில்ஹெல்ம் வாகன்பெல்ற்றுக்கு முன்னரே தொடங்கியவர் கார்ல் யாக்கோப் யுக்கர் என்னும் சுவிற்சர்லாந்து மாணவர். இருவருள் யாருக்கு எவ்வளவு உரிமை என்னும் விவாதம் பல்லாண்டு நடந்தது. நியூயோர்க் நவீனக் கலை நூதனசாலை அவ்விளக்கின் கீழ் இருவர் பெயரையும் எழுதியிருக்கின்றது. அதே பட்டறையிற் பயின்ற மரியான் பிராண்ட் என்னும் பெண்மணி, ஹின் பிறேடன்டீக் என்பாரோடு சேர்ந்து 1928இல் வகுத்த படுக்கையறை விளக்கு பெருந்தொகையாக விற்பனையாயிற்று. மக்கள் அதனை அறிந்த பெயர் ‘கண்டெம்’. அது லைப்சிக் நகரத்து உற்பத்தி நிறுவனத்தாரின் பெயர்முதலெழுத்துகளால் ஆகிய சொல்.

சுவாலை போய் மின்குமிழ் வந்தது. பழைய இழைக் குமிழும் இப்போது பெரும்பாலும் போய், வெப்பம் குறைந்த புதிய ஒளிவிளக்குகள் அவ்விடத்தைப் பிடித்துள்ளன. அவற்றுக்குச் சிமினியும் வேண்டாம். வெப்பத்தைத் தாங்கும் குடையும் வேண்டாம். இருந்தும் கடைகளிலே விலைக்கிருக்கும் மேசை விளக்குகள் பல, வயிறும் குடையுமாக, மண்ணெண்ணெய்க் காலத்து உருவத்தையே தாங்கி நிற்கின்றன. ரிபனி என்னும் பெயரிட்டு வண்ணக் கண்ணாடிக் குடை விளக்குகளும் விற்கப்படுகின்றன. அவற்றுட் பல ரிபனியின் தொழிற்சாலையைக் காணாதவை. அவற்றின் துண்டுகளை வெட்டிச் செப்பு நாடா சுற்றிய தொழிலாளரின் பெயர்களும் எங்கும் எழுதப்படவில்லை.

2017இல் நியூயோர்க் வரலாற்றுச் சங்கம் 100 ரிபனி விளக்குகளை இருண்ட கூடமொன்றிலே நிலையாக ஏற்றி வைத்தது. அங்கே செல்வோர் தும்பியையும் நீலமலர்க் கொடியையும் கண்டு வியப்பதோடு, கிளாரா டிறிஸ்கோலின் பெயரையும் அறிந்தே திரும்புவர். ஒரு பெண் தன் தாய்க்கு எழுதிய கடிதத்தைக் குடும்பத்தார் கிழித்தெறியாமல் வைத்திருந்தமையால் விளைந்த பயன் இது. விளக்கு தன்னைச் சுற்றியுள்ள யாவற்றையும் காட்டும். தன்னைச் செய்தவரை அது காட்டுவதில்லை. அவர்களைக் காட்டுவதற்கு வேறோர் ஒளி வேண்டும். அது பழைய பெட்டிகளிலும் குடும்பக் கடிதங்களிலும் பொறுமையுடன் தேடுவோர் கையிலேயே உண்டு.